வெள்ளையாக இருந்தால் போதுமா?

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் வழியிலோ, நாமக்கல் மாவட்டத்தில் இராசிபுரம் பக்கமோ நீங்கள் பயணம் செய்திருக்கலாம். சாலையோரத்தில் அகன்ற சிமெண்டுக் களங்களில் வெள்ளை வெளேரென்று எதையோ பரப்பிக் காயவைத்திருப்பார்கள். அவை சேகோ ஆலைகளின் களங்கள். குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்லும் மரவள்ளிக்கிழங்கு இந்த ஆலைகளில்தான் மாவாகவும் ஜவ்வரிசியாகவும் மாறுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு ஜவ்வரிசியின் வரத்து நின்றுபோனதால் 1940-களில் இங்கே வேரூன்றிய தொழில் இது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஜவ்வரிசியைப் பாயசத்தில் கண்டிருப்பீர்கள். கிழங்கு மாவையோ பல சமயம் உங்களை அறியாமலே உண்டிருப்பீர்கள். சாஸ், சூப் போன்றவை நீர்த்துப் போகாமல் கெட்டியாக இருக்க மாவுப்பொருள் சேர்ப்பதுண்டு. அதையே வேதிமுறையில் சற்று மாற்றியமைத்தால் அது உணவுச் சேர்க்கைப் பொருள் ஆகிவிடும். அதற்குப் பன்னாட்டு எண்ணும் உண்டு. சாஸ் புட்டியின் சீட்டில் 1422 என்ற எண் இருந்தால், அது இத்தகைய மாவையே குறிக்கும்.

இப்போது ஒரு வினா. சாஸ் தயாரிப்பவர் ஒருவர் 100 மூட்டை மாவு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லா மூட்டைகளும் வாய் தைக்கப்பட்டவை. உள்ளே இருப்பது தூய மாவுதான் என்று அவர் எப்படி அறிவார்?

'நல்ல வெள்ளையாக இருக்கிறதே!' என்பதுதான் பலருடைய முதல் பதில். இயற்பியல் இதை ஏற்காது. தன்மேல் விழும் ஒளியின் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிக்கும் பொருள் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. உப்புத்தூளும் வெள்ளை, சுண்ணாம்புத்தூளும் வெள்ளை. வெண்மையை அளக்கும் கருவி, எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்று சொல்லுமே தவிர, எந்தப் பொருளிலிருந்து வருகிறது என்று சொல்லாது.

கிழங்கின் தோலை முழுவதும் உரித்து, நல்ல நீரில் கழுவி, அரைத்த பாலைத் தொட்டியில் பொறுமையாகத் தெளியவைத்தால் மாவு தானே வெண்மையாக வரும். தோலோடு அரைத்துவிட்டுப் பிறகு வெளுப்பு மருந்து சேர்த்தாலும் வெண்மை வரும்! பின்னது சட்டப்படி குற்றம். அப்படிச் செய்த சில ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் மூட்டைகளைப் பறிமுதல் செய்ததும் உண்டு. ஆனால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே சோதனைச்சாலைக்குப் போக வேண்டும். பள்ளியில் நீங்கள் செய்த அயோடின் சோதனை இங்கே உதவுமா? உதவாது. மரவள்ளி மாவும் மக்காச்சோள மாவும் அயோடினுடன் ஒரே மாதிரி நீலமாகும். விலை மலிவாக உள்ளபோது மக்காச்சோள மாவைக் கலப்பதும் இத்தொழிலின் தொல்லைகளில் ஒன்று. நுண்ணோக்கியில் பார்த்தால் வேறுபாடு தெரியும். மரவள்ளி மாவுத் துகள்கள் உருண்டையாக, ஒரு பக்கம் மட்டும் சீவிவிட்டதுபோல் இருக்கும். மக்காச்சோளத் துகள்கள் பல கோணங்கள் உடையவை.

அடுத்து, சாம்பல் சோதனை. 5 கிராம் ஜவ்வரிசியைப் பொடித்து, ஈரம் நீக்கி, உலையில் வைத்து முற்றிலும் எரித்தால், எஞ்சும் சாம்பல் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது 0.4 சதவீதம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையாத சாம்பல் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கரையாமல் நிற்பது பெரும்பாலும் மணல்! களத்தில் தூசியோடு காயவைத்தாரா என்பதை இந்த எண் காட்டிக் கொடுத்துவிடும்.

சோதனை முடிவுகளை எழுதித் தருவதுதான் பகுப்பாய்வுச் சான்று. சான்று இருந்தால் கவலை தீர்ந்ததா? சான்று, நாம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். 2008-இல் சீனாவில் நடந்ததைக் கேளுங்கள். பாலில் புரதம் எவ்வளவு என்று அறிய, அதிலுள்ள நைட்ரஜனை அளப்பது வழக்கம். புரதத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். பிளாஸ்டிக் தொழிலில் பயன்படும் மெலமின் என்ற வெள்ளைத் தூளிலோ மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் கலந்த பாலில் சிலர் இதைச் சேர்த்தனர். சோதனையில் 'புரதம்' சரியாக இருந்தது. அந்தப் பாலிலிருந்து செய்த பால்மாவைக் குடித்த குழந்தைகளில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நோயுற்றனர். 6 குழந்தைகள் இறந்தன.

இன்னொரு சிக்கல், மாதிரி எடுப்பதில் இருக்கிறது. சோதனைக்குப் போவது 100 மூட்டைகள் அல்ல, ஒரு கைப்பிடிதான். லாரி குலுங்கும்போது சிறிய மணிகள் இடுக்குகளின் வழியே கீழே இறங்கிவிடும். எனவே மேலே உள்ளதை மட்டும் அள்ளினால் அது மூட்டை முழுமைக்கும் பிரதிநிதி ஆகாது. குத்தூசியை மேல், நடு, அடி என மூன்று இடங்களில் செலுத்தி எடுத்துக் கலக்க வேண்டும். எத்தனை மூட்டைகளில் எடுப்பது? மூட்டைகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, ஒன்றைக் கூட்டிக்கொள்வது பழைய வழக்கம். 100 மூட்டைக்கு 11.

இது போதுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். 100 மூட்டைகளில் 20 கெட்டவை என்றால், நாம் எடுக்கும் 11-இல் ஒன்றுகூடக் கெட்டதாக இல்லாமல் போவதற்கான நிகழ்தகவு சுமார் 7 சதவீதம். பரவாயில்லை. ஆனால் கெட்டவை 5 மட்டுமே என்றால்? நிகழ்தகவு 55 சதவீதம்! அதாவது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் அந்த ஐந்தும் நம் கையில் சிக்காமல் தப்பிவிடும்.

எல்லா மூட்டைகளையும் பிரித்துச் சோதிக்கலாமே என்பீர்கள். சோதித்த மாவு சமையலுக்கு ஆகாது. 1960-களில் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்தவர்களுக்கும் இதே இடர்ப்பாடு வந்தது. ஐயமின்றி உறுதி செய்ய வேண்டுமானால், செய்த உணவில் பெரும்பகுதியைச் சோதனைக்கே கொடுக்க வேண்டும்! எனவே அவர்கள் வேறு வழி கண்டார்கள். முடிந்த பொருளை மட்டும் சோதிப்பதை விட்டு, கேடு நுழையக்கூடிய ஒவ்வொரு படியையும் முன்கூட்டியே கண்டறிந்து அங்கேயே காவல் வைத்தார்கள். இன்று உலகெங்கும் உணவுத் தொழிலில் தரும் தரச்சான்றுகள் பலவற்றுக்கு இதுவே அடிப்படை.

சேகோ ஆலையில் இந்தக் காவல் எங்கே நிற்க வேண்டும்? தோல் உரிக்கும் இடத்தில், கழுவும் நீரில், தெளியவைக்கும் தொட்டியில், காயவைக்கும் களத்தில். ஒவ்வொரு நாளின் சரக்குக்கும் தனித் தொகுதி எண் இட்டால், பின்னால் பழுது தெரியும்போது அந்தத் தொகுதியை மட்டும் திரும்பப் பெறலாம். ஆலை உரிமையாளர்கள் சேர்ந்து 1981-இல் சேலத்தில் அமைத்த சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம், உறுப்பினர்களின் சரக்கைக் கிடங்கில் வைத்து, மாதிரி எடுத்துச் சோதித்து, ஒப்பந்தப்புள்ளி முறையில் விற்றுத் தருகிறது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே, இருவரையும் சாராத ஓர் அளவுகோல் இருப்பதே இதன் பயன்.

ஆகவே சான்றிதழ் என்பது மந்திரக் காகிதம் அன்று. மாதிரியை யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள், எதைச் சோதித்தார்கள், சோதனைச்சாலை யாரையும் சாராததா என்ற கேள்விகளுக்கு விடை இருக்கும் அளவுக்கே அதற்கு மதிப்பு.

கடைசியாக, நம்மைப் பற்றியும் ஒரு சொல். தோல் உரித்து, காத்திருந்து நேர்மையாகச் செய்த ஜவ்வரிசி சில வேளை சற்று மங்கலாக இருக்கும். அதை ஒதுக்கிவிட்டுப் பளிச்சென்று இருப்பதையே கடைக்காரரிடம் கேட்டு வாங்குபவர்கள் யார்? நாம்தானே! வெளுப்பு மருந்துக்குச் சந்தையை உண்டாக்கியதில் நம் கண்களுக்கும் பங்கு உண்டு. அடுத்த முறை அம்மா கடைக்கு அனுப்பும்போது, எது அதிக வெள்ளை என்று பார்க்காதீர்கள். உறையின் மேல் உரிம எண்ணும் தொகுதி எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.