பத்து மணி முற்றுகை

தத்கால் டிக்கெட் தரும் சர்வர்களை வேகப்படுத்தும் வேலை ஓய்வதேயில்லை

காலை 9 மணி 59 நிமிடம். மும்பையிலும் பாட்னாவிலும் கோவையிலும் எண்ணற்ற விரல்கள் ஒரே பொத்தானுக்காகக் காத்திருக்கின்றன. பத்து மணிக்கு ஏ.சி. வகுப்புகளுக்கான தத்கால் முன்பதிவு தொடங்கும். மற்ற வகுப்புகளுக்கு 11 மணி. நெரிசல் மிகுந்த தடங்களில் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். சிலருக்கு டிக்கெட். பலருக்குத் திரையில் சுழலும் வட்டம். இன்னும் சிலருக்கு வங்கியில் பணம் குறைந்திருக்கும், டிக்கெட் வந்திருக்காது.

ஐ.ஆர்.சி.டி.சி. 2002 ஆகஸ்டில் இணையத்தில் விற்பனையைத் தொடங்கியபோது டிக்கெட் கூரியரில் வீடு தேடி வந்தது. கூட்டம் பெருகப் பெருக, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்ற அளவில் அமைப்பு மூச்சுத் திணறியது. ரயில்வேயின் கம்ப்யூட்டர் பிரிவான கிரிஸ் உருவாக்கிய புதிய அமைப்பு 2014 ஏப்ரல் 28-ல் அறிமுகமானது. திறன்: நிமிடத்துக்கு 7,200 டிக்கெட், ஒரே நேரத்தில் 1,20,000 பேர்.

இதற்குக் கூடுதல் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டால் போதும் என்று நினைப்பது தவறு. டிக்கெட் எடுப்பது பயணிக்கு ஒரே வேலை. சர்வருக்கு அது நீண்ட சங்கிலி. அடையாளம் சரிபார்ப்பு, ரயில் தேடல், இடம் இருக்கிறதா என்ற விசாரணை, பெயர் விவரம், வங்கி, கடைசியாகப் படுக்கை ஒதுக்கீடு. ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனி க்யூ. எங்கே அடைத்துக்கொள்கிறது என்று அளந்து பார்க்காமல் கைவைத்தால் பணம்தான் வீண்.

தகவல் தளத்துக்குப் போகும் இணைப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கவுன்டர்களைக் கூட்டினால் க்யூ குறையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் பதிவேடு ஒன்றுதான் என்றால்? எல்லா குமாஸ்தாக்களும் அதற்காக முண்டியடிப்பார்கள். மொத்த வேகம் முன்பைவிடக் குறையும். இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்த பிறகு வேகம் கூடிய சர்வர்கள் உண்டு.

டிக்கெட் வாங்குபவர்களைவிட விசாரிப்பவர்களே மிக அதிகம். எனவே அடிக்கடி கேட்கப்படும் விவரங்களை வட்டில் தேடாமல், கம்ப்யூட்டரின் நினைவகத்திலேயே வைத்துப் பதில் சொல்லும் முறை 2014-ல் கைகொடுத்தது. விசாரணைக்கு இது சரி. ஒதுக்கீட்டுக்கு இந்தத் தந்திரம் செல்லாது. ஒரே படுக்கையை இருவருக்குத் தர முடியாது என்பதால் அந்தக் கணத்தில் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தே ஆகவேண்டும். பழைய ஐ.சி.எஃப். ஸ்லீப்பர் பெட்டியில் படுக்கைகள் 72, எல்.எச்.பி. பெட்டியில் 80. எந்த மென்பொருளாலும் 81-வது படுக்கையைப் போட முடியாது.

வங்கி பதில் சொல்லும்வரை படுக்கையைப் பிடித்துவைத்தால் மொத்த வரிசையும் நின்றுவிடும். ஆகவே முதலில் பணம், பிறகு ஒதுக்கீடு. பணம் போய் டிக்கெட் வராத எரிச்சலின் மூலம் இதுதான். பணம் திரும்பி வந்துவிடும். ஆனால் அன்றைய ரயில் போயிருக்கும்.

வேகத்துக்கு வேறொரு எதிரியும் இருக்கிறது. தத்கால் திறக்கும் முதல் ஐந்து நிமிடங்களில் உள்ளே நுழைய முயல்வதில் பாதி வரை மனிதர்களே அல்ல, தானியங்கி மென்பொருள்கள் என்று 2025-ல் ரயில்வே அறிவித்தது. அவற்றை வடிகட்டும் ஏற்பாடு வந்த பின், அந்த ஆண்டு மே 22-ல் காலை பத்து மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. இதை நிமிடத்துக்கு ஒன்றரை லட்சமாகவும், விசாரணைகளை 4 லட்சத்திலிருந்து 40 லட்சமாகவும் உயர்த்தும் திட்டமும் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டுமே இணையத்தில் தத்கால். முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகளுக்கு அனுமதி இல்லை, ஏ.சி. டிக்கெட் என்றால் அவர்கள் 10.30 வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.