லயன் அறைக்கும் காற்று வேண்டும்

மலையகம் என்றதும் குளிரே பலரது நினைவுக்கு வருகிறது. ஆனால் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் பல தாழ்நிலப் பகுதிகளில் அமைந்தவை. நுவரெலியாவின் குளிர் இங்கில்லை. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பகல் வெப்பம் 33 பாகை செல்சியஸைத் தாண்டுவது இப்பகுதிகளில் புதுமையல்ல. காற்றில் ஈரப்பதன் மிகுந்திருப்பதால் உடலின் வியர்வையும் எளிதில் உலர்வதில்லை.

இந்த வெப்பத்தைக் கூரைத் தகரம் மேலும் பெருக்குகிறது. ஆங்கிலேயர் காலத்து லயன்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 120 சதுர அடி அறை ஒன்றே. முதுகோடு முதுகாகக் கட்டப்பட்ட இரட்டை லயன்களில் பின்சுவரில் யன்னலுக்கே இடமில்லை. அதே தோட்டத்தின் தொழிற்சாலையிலோ, பறித்த கொழுந்தைப் பரப்பி, பெரிய மின்விசிறிகளால் பல மணி நேரம் காற்றைச் செலுத்தி வாட்டுகின்றனர். கொழுந்துக்குக் கிடைக்கும் காற்று, அதனைப் பறித்தவருக்குக் கிடைக்கவில்லை என்பது வேதனைக்குரியதாகும்.

வெளிநாட்டில் உழைத்த பணத்தில் வளிச்சீராக்கி வாங்க எண்ணும் குடும்பங்கள் தோட்டங்களிலும், மாவனல்லை, பலாங்கொடை போன்ற நகரங்களிலும் உள்ளன. அதில் தவறேதுமில்லை. எனினும் இவ்வியந்திரம் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது என்பதை நாம் முதலில் உணர வேண்டும். கூரை வழியே வெப்பம் ஓயாது இறங்கிக்கொண்டிருந்தால் இயந்திரமும் ஓயாது உழைக்கும், மின்கட்டணமே ஏறும்.

மேலைநாடுகளில் உல்லாசப் பாய்மரப் படகு வைத்திருப்போர் இதனை நன்கறிவர். படகின் அறை லயன் அறையிலும் சிறியது. வெயில் நேரே அதன் மேற்றளத்தில் விழுகிறது. எனவே அனுபவமுள்ளோர் முதலில் தளத்தின்மேல் துணிப்பந்தல் கட்டி, காற்று நுழைய வழிசெய்த பின்னரே இயந்திரத்தைப் பற்றி எண்ணுகின்றனர். நமக்கும் இவ்வொழுங்கே பொருந்தும். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, தகரத்தின் கீழ் உட்கூரை, எதிரெதிரே இரு திறப்புகள் ஆகியவை அமைந்தால், பல வீடுகளுக்கு ஒரு மின்விசிறியே போதுமானதாகிவிடும்.

படகுகள் கற்பிக்கும் மற்றொரு பாடம் உயிரோடு தொடர்புடையது. வளிச்சீராக்கியை இயக்கும் மின்பிறப்பாக்கியின் புகை அறைக்குள் புகுந்து, உறக்கத்திலேயே மாண்டோர் உளர். அப்புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. விறகடுப்பு எரியும் லயன் அறையிலும் இதே வாயு உண்டாகிறது. ஆகவே அடுப்புள்ள அறையைக் குளிரூட்டுவதற்காக அடைத்து மூடுவது பேராபத்தாகும்.

மின்னிணைப்பிலும் கவனம் தேவை. மின்விசிறிக்கு ஏறக்குறைய 60 வாற்று போதுமாயின், சிறிய வளிச்சீராக்கிக்கு அதைப்போலப் பன்மடங்கு தேவை. பழைய பொதுக்கம்பியில் அதனை இணைத்தால் தீ மூளலாம். தனிக்கம்பி, புவி இணைப்பு, தன்னியக்கத் துண்டிப்பான் ஆகியவற்றைத் தகுதிபெற்ற மின்னியலாளரே பொருத்த வேண்டும். சப்ரகமுவவில் ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களை ஒட்டி இடிமின்னல் கடுமையாகும். அவ்வேளைகளில் இணைப்பைத் துண்டித்து வைப்பது நல்லது.

பராமரிப்பு எளிது. தூசு வடிகட்டியை இரு வாரங்களுக்கு ஒருமுறை கழுவுதல், நீர் வடியும் குழாய் அடைபடாது பார்த்தல், வெளிப்பெட்டிக்குக் காற்றோட்டம் விடுதல் ஆகியவை வீட்டாராலேயே இயலும். உள்ளிருக்கும் வாயு பாவிக்கப் பாவிக்கத் தீர்ந்துபோவதன்று. அடிக்கடி நிரப்பச் சொன்னால் எங்கோ கசிவுண்டு என்பதே பொருள். பழைய இயந்திரங்களில் உள்ள வாயு ஓசோன் படலத்தை அரிப்பது. அதனைக் கட்டுப்படுத்தும் 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இல் இணைந்தது. அவ்வாயுவை வெளியே திறந்துவிடும் பழக்கம் கைவிடப்பட வேண்டும்.

ஆனால் இவை யாவும் தனிமனிதர் செய்யக்கூடியவை மட்டுமே. உட்கூரையும் பின்யன்னலும் தொழிலாளியின் சம்பளத்தில் அமையக்கூடியவையல்ல. லயன் கூரைகளுக்குப் புதுத் தகடு வழங்கும்போது, மழையை மட்டுமன்றி வெயிலையும் கருத்திற் கொள்வது தோட்டக் கம்பனிகளினதும் அரசினதும் கடமையாகும். புதிய தனிவீடுகளின் வரைபடங்களிலும் காற்றோட்டத்துக்கு முதலிடம் வழங்கப்பட வேண்டும். சம்பந்தப்பட்டோர் இதனைக் கவனத்தில் எடுப்பார்களென எதிர்பார்க்கிறோம்.