சென்னையின் ஆற்றுப் படிவு மண்

சென்னையின் தெற்கு, நடுப் பகுதிகள் பெரும்பாலும் ஆற்றுப் படிவு மண்ணின் மீது அமைந்தவை. அடையாறும் கூவமும் வெள்ளக் காலங்களில் கொண்டுவந்த வண்டலும் களியும், கடல் ஒதுக்கிய மணலும் பல்லாயிரம் ஆண்டுகளாக மாறிமாறிப் படிந்ததால் இம்மண் அடுக்குகள் உருவாயின. ஒரே அளவு மழை பெய்தாலும் பெசன்ட் நகரின் மணலில் விரைவாக இறங்கும் நீர், தியாகராய நகரில் தரைக்குள் செல்ல இடமின்றித் தேங்குகிறது. வடிகால் குறைபாடுகளோடு மண்ணின் தன்மையும் இதற்குக் காரணம்.

படிவு உருவாகும் முறை

கரை கடந்த வெள்ளம் வேகம் இழக்கிறது. வேகம் குறையும்போது கனமான துகள்கள் முதலில் விழுகின்றன. ஆகவே ஆற்றின் ஓரத்தில் மணலும், சற்றுத் தள்ளி வண்டலும், தொலைவில் உள்ள பள்ளங்களில் களியும் தங்குகின்றன. ஒரு கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி தோட்டமண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி வைத்தால் மாணவர்கள் இதை வீட்டிலேயே காணலாம். 10 செ.மீ. ஆழம் இறங்க 0.2 மி.மீ. மணல் துகளுக்குச் சில நொடிகள் போதும். 0.002 மி.மீ. களித் துகளுக்கு ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். மறுநாள் காலையிலும் மேல்நீர் கலங்கியே இருந்தால் அந்த மண்ணில் களி மிகுதி என்று கொள்ளலாம்.

இது பழங்காலத்தோடு முடிந்த செயல் அன்று. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை வீடுகளுக்குள் தங்கிய சேறும் படிவுதான். வெட்டி அப்புறப்படுத்தாமல் விட்டிருந்தால் அதுவே வெள்ளச் சமவெளியின் அடுத்த அடுக்காகியிருக்கும்.

கடலின் பங்கு

சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் உயர்ந்திருந்த காலத்தில், இன்றைய கரையோரத்தின் தாழ்வான பகுதிகள் உப்பங்கழிகளாயின. கழிமுகத்தை ஒட்டித் தோண்டும்போது சிப்பி கலந்த கருங்களி வெளிப்படுவது இதனால்தான். சாந்தோம், பெசன்ட் நகர், திருவான்மியூர் ஆகியவை கடலோர மணல் மேடுகளின் மீது உள்ளன. மயிலாப்பூரில் கடற்கரையிலிருந்து மேற்கே செல்லச் செல்ல மணல் குறைந்து களி கூடுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சார்னோக்கைட் என்னும் கடினப் பாறை. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இது தரைக்கு மேலேயே தெரியும். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இப்பாறையால் ஆனது. அதனால் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இதற்கு அவர் பெயரை இட்டார். சென்னைப் பாறைக்குக் கொல்கத்தாக்காரர் பெயர் வந்த கதை இதுதான்.

ஏரியாக இருந்த தியாகராய நகர்

நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டை வரை, அண்ணா சாலைக்கு மேற்கே ஒரு நீண்ட ஏரி இருந்தது. 1920களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது அதன் பெரும்பகுதி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவானது. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய ஏரிப் பரப்பில்தான். நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் சாலையும் மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலையும் ஏரியின் நினைவைப் பெயரில் மட்டும் காக்கின்றன.

ஏரி என்பது அசையாத நீர். அதில் மெல்லிய துகள்களும் சாவகாசமாக அடியில் தங்கும். அதனால் இப்பகுதியில் நிரப்பு மண்ணுக்குக் கீழே களி மிகுந்துள்ளது. ஏரி போனாலும் பள்ளம் போகவில்லை. மழைநீர் இன்றும் அங்கேதான் வந்து சேர்கிறது. அதை அடையாற்றுக்குக் கொண்டுசெல்ல வேண்டிய மாம்பலம் கால்வாய் குறுகியும் அடைபட்டும் கிடப்பதால் துன்பம் இரட்டிப்பாகிறது.

கட்டடமும் கிணறும்

களி நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் மண் சுருங்கி, ஐப்பசி மழையில் உப்பும்போது ஆழமற்ற அடித்தளம் சீரின்றி அசைகிறது. சுவரில் சாய்வான விரிசல் தோன்றுகிறது. பூசி மறைப்பதால் இது தீராது. ஈரம் மாறாத ஆழம்வரை அடித்தளத்தை இறக்குவதே தக்க வழி. மணலில் வேறு சிக்கல்: பக்கங்கள் சரியும் என்பதால் கிணறு தோண்டுவோர் சிமெண்ட் உறைகளை ஒவ்வொன்றாக இறக்குவார்கள்.

2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு அனைத்துக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. திருவான்மியூரில் கருங்கல் ஜல்லி நிரப்பிய ஆழமற்ற குழியே போதுமானது. அதே குழியைத் தியாகராய நகரின் களியில் தோண்டினால் அது தொட்டியாகி நீரைத் தேக்கி, கொசுவையும் வளர்க்கும். அங்கே குழியின் நடுவே ஆழ்துளை இட்டு, களி அடுக்கைக் கடந்து கீழுள்ள மணலுக்கோ சிதைந்த பாறைக்கோ நீரை அனுப்ப வேண்டும். எல்லா வீட்டுக்கும் ஒரே வரைபடம் என்பது காகிதத்தில் மட்டுமே செல்லும்.

மணற்பாங்கான கடலோரத்தில் நன்னீர், கனமான உப்புநீரின் மீது மிதப்பதுபோல் நிற்கிறது. மழையால் சேர்வதைவிட அதிகமாக இறைத்தால் கீழிருந்தும் கடல் பக்கமிருந்தும் உப்பு ஏறும். ஒருமுறை உப்பேறிய கிணறு மீண்டும் நன்னீராகப் பல பருவமழைகள் பிடிக்கும்.

மூடப்பட்ட மண்

பாறைப்பொருள், தட்பவெப்பம், உயிரினங்கள், நிலச்சரிவளவு, காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்தே மண் உருவாகிறது. நகரில் தார்ச்சாலையும் சிமெண்ட் தளமும் மழையையும் இலைச்சருகையும் மண்ணுக்குச் சேரவிடாமல் தடுக்கின்றன. மண்புழுவுக்கும் அங்கே வேலையில்லை. மேலே பல அடிக்குச் செங்கல் துண்டும் சாந்தும் கலந்த நிரப்பு மண்ணே கிடக்கிறது. பழைய படிவு மண் திறந்தவெளியில் இன்னும் வளர்ந்து மாறுவதைக் காண அடையாற்றின் கழிமுகமும் அதையொட்டிய தொல்காப்பியப் பூங்காவும் ஏற்ற இடங்கள்.