கேள்விமுறை இல்லாமை

ஆங்கிலச் செய்தித்தாள்களில் 'இம்ப்யூனிட்டி' என்னும் சொல் அடிக்கடி நம் கண்ணில் படுகின்றது. 'தண்டனையினின்று விலக்கு' என அகராதி பொருள் கூறும். நம் பிள்ளைகள் இதனை 'இம்யூனிட்டி' என்பதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கின்றனர். இரண்டும் லத்தீன் வழி வந்தவையே. ஆயினும் வேர் வேறு. முன்னதன் வேர் தண்டனையைக் குறிப்பது. அபராதமாகிய 'பெனால்டி'யும் அவ்வேரில் எழுந்ததே. பின்னதன் வேர் கடமையைக் குறிப்பது.

இரயில்வே குமாஸ்தாவாகிய எமக்குத் தெரிந்த உவமை ஒன்றுண்டு. இலவசப் பாஸுடன் செல்பவருக்கு விதியே விலக்களித்துள்ளது, அது இம்யூனிட்டி. டிக்கட்டின்றி ஏறியவர், கேட்பார் இன்மையால் கவலையின்றி இறங்கிப் போவது இம்ப்யூனிட்டி.

முன்னெல்லாம் இச்சொல் பெரும்பாலும் தப்பியவனையே சுட்டிற்று. இன்றோ தண்டிக்கக் கடமைப்பட்டோர் வாளாவிருப்பதையும் சுட்டுகின்றது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவ 1998-இல் ரோம் நகரில் ஏற்கப்பட்ட சட்டம், கொடுங்குற்றம் புரிவோரின் இந்நிலைக்கு முடிவு கட்டும் உறுதியை முகவுரையிலேயே கூறுகின்றது. செய்தியாளர்க்கு இழைக்கப்படும் குற்றங்கள் தண்டனையின்றிப் போவதை ஒழிக்கும் நாளாக நவம்பர் 2-ஐ ஐ.நா. பொதுச்சபை 2013-இல் அறிவித்தது.

ஆதலின் 'விலக்கு' என மொழிபெயர்ப்பது பொருந்தாது. விலக்கு என்பது ஒருவர் முறைப்படி அளிப்பது. இதுவோ எவரும் அளியாமலே எடுத்துக்கொள்ளப்படுவது. 'கேள்விமுறை இல்லையா?' என்று நம் வீட்டுப் பெரியோர் கேட்பதுண்டன்றோ? அத்தொடரே இதற்கு உரியது. செய்தவனோடு, கேளாதிருந்தவனையும் அது சேர்த்தே குற்றம் சாட்டுகின்றது. பிள்ளைகளுக்கு இப்பொருளையே சொல்லிக் கொடுப்போமாக.