போக்கர் டோர்னமென்ட்: பாதியில் ஒருவர் வீட்டுக்குக் கிளம்பினால் அவருடைய சிப்ஸ் யாருக்கு? எளிய விளக்கம்

அமெரிக்காவில் வார இறுதி ராத்திரிகளில் நண்பர்கள் ஒரு வீட்டில் கூடி போக்கர் ஆடுவது ரொம்ப சாதாரணம். 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அக்கவுண்டன்ட், 86 டாலர் ஆன்லைன் தகுதிப் போட்டி வழியாக உலக போக்கர் தொடருக்குள் நுழைந்து, 839 பேர் ஆடிய மெயின் ஈவென்ட்டில் ஜெயித்து 25 லட்சம் டாலரை அள்ளினார். அதற்குப் பிறகு வீட்டு டோர்னமென்ட் மோகம் வேகமாகப் பரவியது.

இந்த டேபிள்களில் அடிக்கடி வரும் ஒரு சிக்கல் இருக்கிறது. ராத்திரி 11 மணி. ஒருவருக்கு வீட்டிலிருந்து போன் வருகிறது, குழந்தைக்குக் காய்ச்சல். அவர் கிளம்பியே ஆக வேண்டும். ஆனால் அவர் முன்னால் சிப்ஸ் குவிந்து கிடக்கிறது. அதை என்ன செய்வது? சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால், யார் கைக்குப் பரிசுப் பணம் போகிறது என்பதையே இந்த ஒரு முடிவு மாற்றிவிடும்.

சிப்ஸைக் காசாக்கிக்கொண்டு போக முடியாதா?

போக்கரில் இரண்டு வகை உண்டு. கேஷ் கேமில் 1 டாலர் சிப் என்றால் அதன் மதிப்பு 1 டாலர்தான். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொண்டு கிளம்பலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

டோர்னமென்ட் அப்படி இல்லை. எல்லோரும் ஒரே தொகை கட்டி, ஒரே அளவு சிப்ஸ் வாங்கி, கடைசி ஆள் நிற்கும்வரை ஆட வேண்டும். இங்கே சிப்ஸ் என்பது பணம் இல்லை, ஆட்டத்தில் நீடிக்கும் பலம். முதல் சில இடங்களுக்கு மட்டும்தான் பரிசு.

ஓர் உதாரணம் பார்ப்போம். 9 பேர், ஆளுக்கு 20 டாலர். மொத்தம் 180 டாலர். முதல் பரிசு 90, இரண்டாம் பரிசு 54, மூன்றாம் பரிசு 36 டாலர். ஆளுக்கு 5,000 சிப்ஸ் வீதம் மொத்தம் 45,000. இப்போது 4 பேர் அவுட். மீதி 5 பேரிடம் 12,000, 11,000, 9,000, 8,000, 5,000 என்று சிப்ஸ் இருக்கிறது. கிளம்ப வேண்டியவர் 12,000 வைத்திருக்கும் நபர். சரி, என்ன செய்யலாம்?

வழி 1: சிப்ஸை அப்படியே விட்டுவிட்டுப் போவது

கேசினோக்களில் இதுதான் நடைமுறை. ஆள் இல்லாவிட்டாலும் அவர் இடத்துக்குச் சீட்டு போடுவார்கள். அவர் முறை வரும்போது கட்டாயப் பந்தயமான பிளைண்டை அவருடைய சிப்ஸிலிருந்து எடுப்பார்கள். அவருடைய கை ஃபோல்ட் ஆகிவிடும். 2001-ல் தொடங்கப்பட்ட போக்கர் டோர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷனின் விதிப்படியும், எல்லோருக்கும் சீட்டு போட்டு முடிப்பதற்குள் இருக்கையில் இல்லாதவரின் கை செல்லாது.

வீட்டில் இதைச் செய்தால் என்ன ஆகும்? பிளைண்ட் 200/400 என்று வைத்துக்கொள்வோம். 5 பேர் டேபிளில் ஒரு முழுச் சுற்றுக்கு அவருடைய சிப்ஸில் 600 கரையும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்ட் 300/600, 400/800 என்று ஏறுகிறது, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு சுற்று நடக்கிறது என்றால், 12,000 சிப்ஸும் தீர 100 நிமிடம் ஆகும். நடுவில் யாராவது அவுட் ஆனால் சுற்று சின்னதாகி இன்னும் வேகமாகக் கரையும்.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, அந்த 100 நிமிடத்தில் 5,000, 8,000 வைத்திருப்பவர்கள் முதலில் அவுட் ஆகலாம். அப்போது வீட்டில் குழந்தைக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பவருக்கு, ஒரு சீட்டைக்கூடத் தொடாமல் மூன்றாம் பரிசு 36 டாலர் கிடைத்துவிடும்.

இரண்டாவது சிக்கல் பலர் கண்ணில் படாது. காலி இருக்கைக்கு வலது பக்கத்தில் இருப்பவருக்கு லாட்டரி! காலி இருக்கை பெரிய பிளைண்ட் கட்டும்போதெல்லாம் இவர்தான் சின்ன பிளைண்ட். மற்றவர்கள் ஃபோல்ட் செய்துவிட்டால், எதிர்க்க ஆளே இல்லாத அந்த 400 சிப்ஸ் இவருக்கு இலவசம். ஆட்டத் திறமைக்கு இதில் வேலையே இல்லை, எந்த நாற்காலியில் உட்கார்ந்தோம் என்பதுதான் கணக்கு.

நூற்றுக்கணக்கானோர் ஆடும் கேசினோ டோர்னமென்ட்டில் ஒரு காலி இருக்கை பெரிய பாதிப்பு இல்லை. நம் உதாரணத்திலோ மொத்த சிப்ஸில் 27 சதவீதம் ஆளில்லாமல் கிடக்கிறது.

வழி 2: சிப்ஸை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிடுவது

கிளம்புபவரின் 12,000 சிப்ஸையும் எடுத்துப் பெட்டியில் போட்டுவிடலாம். டேபிளில் மீதி 33,000. 11,000 வைத்திருப்பவரின் பங்கு 24 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாகும். 5,000 வைத்திருப்பவரின் பங்கு 11-லிருந்து 15 சதவீதமாகும். எல்லோருக்கும் ஒரே விகிதத்தில்தான் ஏறுகிறது. எந்த நாற்காலிக்கும் தனிச் சலுகை இல்லை.

கிளம்பியவருக்கு எந்த இடம்? 5 பேர் இருக்கும்போது போனால் ஐந்தாம் இடம், பரிசு இல்லை. 3 பேர் இருக்கும்போது போனால் மூன்றாம் இடம், 36 டாலர். அவருக்கும் கணக்கு தெளிவு, மற்றவர்களுக்கும் தெளிவு. சிப்ஸில் முன்னணியில் இருக்கும்போது வெறுங்கையோடு போவது வலிக்கத்தான் செய்யும். இருந்தாலும் சின்ன டேபிளுக்கு அதிகம் பொருந்துவது இந்த வழிதான்.

வழி 3: பணத்தைத் திருப்பிக் கொடுப்பது

முதல் சீட்டு போடும் முன்பே ஒருவர் கிளம்பினால் 20 டாலரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், பிரச்சினையே இல்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் குழப்பம். 45,000-ல் 12,000 என்று விகிதம் போட்டால் 48 டாலர் வருகிறது. ஆனால் இந்தக் கணக்கு அதிக சிப்ஸ் வைத்திருப்பவருக்குச் சாதகமானது. ஏன் தெரியுமா? மொத்த 45,000 சிப்ஸையும் ஜெயிப்பவருக்கே 180 டாலர் கிடைக்காது, 90 டாலர்தான். அப்படியிருக்க, பாதியில் போகிறவருக்கு மட்டும் ஒவ்வொரு சிப்புக்கும் முழு மதிப்பு கொடுக்க முடியுமா? அதோடு, 48 டாலரை எடுத்துவிட்டால் தொடர்ந்து ஆடும் நான்கு பேருக்கு மிஞ்சுவது 132 டாலர்தான்.

அதனால், எல்லோரும் மனதார சம்மதித்தால் மட்டுமே இந்த வழி. ஒருவர் 'வேண்டாம்' என்றாலும் விட்டுவிட வேண்டும்.

செய்யவே கூடாதது எது?

'என் சிப்ஸை நீ வச்சுக்கோடா' என்று நண்பரிடம் தள்ளிவிட்டுப் போவது. 8,000 வைத்திருப்பவருக்கு 12,000 போனால் அவர் 20,000-த்துடன் ஒரே நொடியில் முதலிடம். அதாவது மொத்த சிப்ஸில் 44 சதவீதம். மற்ற மூன்று பேரும் தப்பே செய்யாமல் பின்னால் போய்விடுவார்கள். ஆட்டத்துக்குள் ஒருவருக்கு வேண்டுமென்றே சிப்ஸ் விட்டுக்கொடுப்பதே போக்கரில் மோசடி. இது அதையே வெளிப்படையாகச் செய்வது.

தனக்குப் பதில் இன்னொருவரை உட்கார வைப்பதிலும் கவனம் தேவை. ஏற்கெனவே அவுட் ஆனவர் உட்கார்ந்தால் அவருக்கு அது இரண்டாவது உயிர். ஆடிக்கொண்டிருப்பவரே இரண்டு இடத்துக்கும் ஆடினால் அது இன்னும் மோசம்.

கண்ணை மூடிக்கொண்டு ஆல்-இன் போட்டுவிட்டுக் கிளம்புவதும் பலரின் வழக்கம். அவர் கையை அவரே ஆடுவதால் விதிப்படி தடுக்க முடியாது. ஆனால் அந்த நேரத்தில் நல்ல சீட்டு வந்திருப்பவருக்குப் பெரிய அளவில் சிப்ஸ் அடிக்க வாய்ப்பு. விளைவைப் பார்த்தால் இதுவும் கிட்டத்தட்ட தானம்தான்.

அப்போ என்ன விதி வைக்கலாம்?

- முதல் சீட்டுக்கு முன் விலகினால்: முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்.
- போன் பேச, சிகரெட் பிடிக்க என்று சற்று நேரம் எழுந்து போனால்: பிளைண்ட் கழியும், கை ஃபோல்ட்.
- திரும்பி வர மாட்டேன் என்று கிளம்பினால்: சிப்ஸ் வெளியே. அந்த நேரத்தில் எத்தனை பேர் மீதியோ, அதுதான் அவருடைய இடம்.
- சிப்ஸை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

இந்த நான்கு வரியை ஆட்டத்துக்கு முன்பே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவது நல்லது. எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் சேர்த்துப் போட்டால், சீக்கிரம் போக வேண்டியவர் அன்றைக்கு வரலாமா என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வார்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். உதாரணமாக டெக்சாஸில், தனிப்பட்ட இடத்தில், ஆட்டத்தில் ஜெயிப்பதைத் தவிர யாரும் வேறு லாபம் பார்க்காமல், எல்லோருக்கும் சமமான வாய்ப்புடன் ஆடினால் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆட்டம் நடத்தியதற்காக வீட்டுக்காரர் கமிஷன் எடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இந்தியாவில் ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் கேம்களை நடத்த 2025-ம் ஆண்டு மத்திய சட்டம் தடை விதிக்கிறது. தமிழ்நாட்டில் 1930-ம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் இருக்கிறது. காசு வைக்காமல் ஒரு சின்னக் கோப்பைக்காக ஆடினாலும், மேலே சொன்ன சிப்ஸ் கணக்கு அப்படியே பொருந்தும்.

விதி முன்பே இருந்தால், குழந்தைக்குக் காய்ச்சல் என்று கிளம்புகிறவர் வாசலில் நின்று பேரம் பேச வேண்டியதில்லை. உட்கார்ந்திருப்பவர்களும் 36 டாலருக்காக நண்பரிடம் முகம் சுளிக்க வேண்டியதில்லை.