கொடுத்த காசையும் எழுதுங்கள்

கணக்கு எழுதச் சொன்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் அரிசி, மரக்கறி, பஸ் காசு, பிள்ளையின் கொப்பி எல்லாம் எழுதுவார்கள். செத்தவீட்டுக்குக் கொடுத்த காசை மட்டும் எழுதமாட்டார்கள். கொடுத்ததைக் கணக்குப் பார்ப்பது பாவம் என்ற எண்ணம். சகோதரிகளே, நான் அதையும் எழுதச் சொல்கிறேன்.

மன்னார்த் தீவில் கருவாடு போட்டும் பனையோலை இழைத்தும் வீடு நடத்தும் பெண்களுக்கு எல்லாக் கிழமையும் ஒரே வருமானம் இல்லை. காற்றுக் கடுமையானால் வள்ளம் இறங்காது, காசும் வராது. இப்படியான வீடுகளுக்குள்தான் நுண்கடன் புகுந்தது. குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். வட்டி எவ்வளவு என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. கிழமைக்கு எவ்வளவு என்பது மட்டும் தெரியும். 2018இல், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், தவணை தவறிய பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. அந்த வருடக் கடைசியில் மத்திய வங்கி இக்கடன்களின் வட்டிக்கு 35 சதவீதம் என்று மேல் எல்லை வைத்தது. எல்லையே இவ்வளவென்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும்!

கடன்பட்ட வீட்டில் முதலில் நின்றுபோவது கொடுக்கும் காசுதான். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, கையில் நூறு ரூபாவும் இல்லையே என்ற வெட்கத்தில் பக்கத்துத் தெருச் செத்தவீட்டுக்குப் போகவில்லை. அடுத்ததற்கும் போகவில்லை. பிறகு தன் பிள்ளை காய்ச்சலில் படுத்தபோது யார் வீட்டுப் படலையில் போய் நிற்பது என்று தெரியாமல் இன்னொரு லோன் எடுத்தாள்.

எங்கள் கரையில் எல்லாம் போன நாளில் கைகொடுத்தது மனிதர்கள்தான். 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட எருக்கலம்பிட்டி முஸ்லிம் குடும்பங்கள் கடல்வழியாகக் கற்பிட்டியில் போய் இறங்கியபோது, சோறும் இருக்க இடமும் கொடுத்தவர்கள் புத்தளம் மாவட்டத்துச் சனங்கள். அவர்களும் வசதிக்காரர் அல்லர்.

ஆகவே கொப்பியில் கொடைக்கென்று ஒரு நிரல் போடுங்கள். நூறு ரூபா போதும். அதுவும் இல்லையா, ஒவ்வொரு நாளும் உலையில் போடமுன் ஒரு பிடி அரிசி எடுத்து வையுங்கள். வெறுங்கையோடு போனாலும் போங்கள். அடுப்படியில் தேங்காய் துருவ ஆள் வேண்டியிருக்கும். (சாமத்தியவீட்டுச் செலவுக்குப் பெண்களைத் திட்டுகிறவர்கள் சாராயப் போத்தல் காசை எந்த நிரலில் எழுதுகிறார்களோ!)

சீட்டும் ஒருவகையில் கொடுப்பதுதான். பத்துப் பேர், மாதம் 5,000 ரூபா என்று வைப்போம். ஏலச் சீட்டில் அவசரக்காரி 8,000 கழித்து 42,000 எடுப்பாள். அந்தக் கழிவு வட்டி மாதிரித்தான். குலுக்குச் சீட்டில் கழிவே இல்லை, 50,000மும் கைக்கு வரும். எங்கள் சீட்டில், நோயோ மரணமோ வந்த வீடு இருந்தால் அந்த மாதம் குலுக்காமல் அவளுக்கே விடுகிறோம். சீட்டுக் காசோடு ஆள் ஓடிய கதைகளும் உண்டு. முகம் தெரிந்த பத்துப் பேரோடு நிறுத்துங்கள். மாதாமாதம் எல்லோரும் கொப்பியில் கையெழுத்து வையுங்கள்.