திருக்கையின் கண் எங்கே?

மீன் காட்சியகத்தில் திருக்கை இருக்கும் தொட்டியைத் தேட வேண்டியதில்லை. பிள்ளைகளின் கூச்சல் அங்கேதான் அதிகம். கண்ணாடியை ஒட்டி அடிவயிறு தெரிய அது மேலேறும்போது, இரண்டு கண்ணும் வாயுமாக ஒரு வெள்ளை முகம் நம்மைப் பார்த்துச் சிரிப்பது போலிருக்கும். அவை கண்கள் அல்ல, மூக்குத் துளைகள். நிஜக் கண்கள் முதுகுப் பக்கம் இருக்கின்றன. அது தரையிறங்கிப் படுக்கும்வரை பொறுத்திருந்து பாருங்கள். ஒவ்வொரு கண்ணுக்குப் பின்னாலும் ஒரு துளை திறந்து திறந்து மூடும். வாய் மணலை ஒட்டிக் கிடப்பதால், அந்தத் துளை வழியே மேலிருந்து தண்ணீரை இழுத்துச் செவுளுக்கு அனுப்புகிறது திருக்கை.

இதைப் பார்க்கப் பெரிய டிக்கெட் தேவையில்லை. கண்ணாடிச் சுரங்கம் வைத்த காட்சியகங்களில் ஒரு குடும்பம் நுழைந்து வெளியே வருவதற்குள் கையிலிருக்கும் பணம் கரைந்துவிடும். மீன்வளத் துறைகளும் ஆராய்ச்சி நிலையங்களும் நடத்தும் சிறிய காட்சியகங்கள் அப்படியில்லை. மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருப்பது அந்த வகை. அங்கே தொட்டிகள் சிறியவை, ஆனால் சிறிய தொட்டியில் மீன் நம் முகத்துக்கு அருகில் இருக்கிறது. பார்க்கத் தெரிந்தவருக்கு அதுதான் லாபம் என்பேன்.

முதலில் ஏதாவது ஒரு மீனின் செவுள் மூடியைக் கவனியுங்கள். வாய் திறக்கும், மூடும். அடுத்த நொடி செவுள் மூடி விரியும். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லி லிட்டர் ஆக்ஸிஜன் இருக்கிறது. நம் பக்கத்து வெதுவெதுப்பான கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லி லிட்டர்கூட இராது. இவ்வளவு வறிய நீரில் மீன் எப்படி மூச்சு விடுகிறது? செவுளில் நீர் ஓடும் திசைக்கு எதிர்த் திசையில் ரத்தம் ஓடுகிறது. ரத்தம் எந்த இடத்தில் இருந்தாலும் தன்னைவிட ஆக்ஸிஜன் அதிகமுள்ள நீரையே சந்திக்கும். அதனால் கடைசிவரை வாங்கிக்கொண்டே போகும். நல்ல செவுள் நீரிலுள்ள ஆக்ஸிஜனில் முக்கால் பங்குவரை எடுத்துவிடும். நம் நுரையீரல் எடுப்பதோ கால் பங்குதான்.

அதே செவுள்தான் கழிவையும் வெளியேற்றுகிறது, அம்மோனியாவாக. கடலில் அது கரைந்து போய்விடும். நாலு சுவருக்குள் அது சேரும், மீனைக் கொல்லும். லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலர் 1850-ல் தங்க மீன்களோடு நீர்ச்செடியும் நத்தையும் சேர்த்து வைத்து, நீரை மாற்றாமலே அவற்றை வாழவைக்க முடியும் என்று காட்டினார். 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலை பொதுமக்களுக்கு ‘மீன் வீடு’ திறந்தது. ஆனால் நீரைக் காப்பதில் பெரிய பங்கு யாருடையது என்பது பின்னால்தான் தெரியவந்தது. அது பாக்டீரியாக்களின் வேலை. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அதை, மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும் நைட்ரேட்டாக மாற்றும். வடிகட்டியிலும் தொட்டியின் கற்களிலும் மணலிலும் இந்தக் கூட்டங்கள் ஒட்டி வளரச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை தொட்டியை மீன்களால் நிரப்பக் கூடாது. வீட்டில் புதுத்தொட்டி வாங்கிய அன்றே மீன்களை அள்ளிப் போட்டு, ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாக மிதப்பதைப் பார்த்துக் கலங்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மீன் வளர்ப்பவர் முதலில் வளர்ப்பது தண்ணீரைத்தான்.

கண்ணாடியும் ஒரு பாடம். தொட்டிக்குள் 4 அடி தூரத்தில் இருக்கும் மீன் 3 அடியில் இருப்பதுபோல் தெரியும், அதனால் பெரிதாகவும் தெரியும். நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி விலகுவதே காரணம். முன்பக்கம் நின்றபடி தொட்டியின் பக்கச் சுவரைப் பாருங்கள். வெளியே இருப்பது எதுவும் தெரியாது. சுவர் முகக்கண்ணாடிபோல் மின்னும், ஒரே மீன் இரண்டாகத் தெரியும். குனிந்து அடியிலிருந்து பார்த்தால் நீரின் மேற்பரப்பும் வெள்ளித் தகடாக மாறியிருக்கும். முழு அகப் பிரதிபலிப்பு என்று பள்ளியில் படித்தது இதைத்தான். சுவரின் தடிமனை முடிவு செய்வதில் நீரின் ஆழம்தான் பெரிது. ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ ஒரு டன் எடை அழுத்துகிறது. ஜப்பானின் ஒக்கினாவா சுராவ்மி காட்சியகத்தில் 8.2 மீட்டர் உயர அக்ரிலிக் சுவர் 60 சென்டி மீட்டர் தடிமன்.

கடல் சாமந்திக்குள் குடியிருக்கும் கோமாளி மீன்களிடம் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கூட்டத்தில் ஆகப் பெரியது பெண், அவள்தான் தலைவி. அடுத்தது அவள் துணை. மற்றவை இனப்பெருக்கத்துக்கு வராத சிறியவை. தலைவி இறந்தால் அந்தத் துணையே பெண்ணாக மாறிவிடும். மிஞ்சியவற்றில் பெரியது வளர்ந்து ஆணாகிவிடும். பக்கத்துத் தொட்டியில் கடல்குதிரை இருந்தால், வயிற்றில் பை உள்ளது எது என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். அது அப்பா. தாய் இடும் முட்டைகளைப் பையில் சுமந்து குஞ்சு பொரிப்பது அவர்தான்.

வார நாள் காலையில் போங்கள், கூட்டம் இராது. இரை போடும் நேரத்தை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியைத் தட்டாதீர்கள்: நீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்கு வேகமாகப் பாயும், மீன் தன் உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டால் அதிர்வையே உணரும். ஃபிளாஷும் வேண்டாம்.

1909-ல், சென்னை அருங்காட்சியகத்துக்குத் தலைமை வகித்த எட்கர் தர்ஸ்டனின் யோசனையில், மெரினா கடற்கரையில் பொதுமக்களுக்கென்று ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் மீன் காட்சியகம் என்று அதைச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. கடல் அங்கேயேதான் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்வரக்கூடிய கட்டணத்தில், அரசு நடத்தும் காட்சியகம் ஒன்று மெரினாவுக்குத் திரும்ப வேண்டும். சுரங்கம் வேண்டாம். நல்ல தண்ணீருள்ள சில தொட்டிகளும், திருக்கையின் கண் எங்கே என்று காட்டித்தர ஒருவரும் இருந்தால் போதும்.